அண்ணா கொடுக்காத ஓடுகள்

எங்கள் அன்பு அண்ணா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு ஒரு நினைவு மலர் அச்சிட வேண்டும், அதில் அப்பாவைப் பற்றி மாமிதான் எழுத வேண்டும் என்று அண்ணாவின் மகள், என் மருமகள் துளசி சொன்னபோது நான் முதலில் மறுத்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு கடிதம் எழுதுவதென்றாலே மூன்று தரம் கிழித்துப்போட்டு எழுதுகிறவள். பிழை வந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள், யாருடைய பெயராவது விடுபட்டால் மனம் நோவார்களே என்று யோசித்து இரண்டு கிழமை, பதினாலு நாளும், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு சம்மதித்தேன் என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான். எங்கள் வீட்டின் முன்கூரையைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்கும் கதை உண்மையான கதை அல்ல. அதை அண்ணாவின் பெயரோடு அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய வாழ்வை முதலில் சொல்லிவிட்டு அந்த இடத்துக்கு வருகிறேன்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தவர். பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான். அப்பா காலமானபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. அம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் நான் பள்ளிக்கூடத்தால் நின்றேன். அண்ணாவும் நின்று, ட்ரங்குப் பெட்டியும் வாளியும் செய்கிற தகரப் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். அந்த வேலையில் கை முழுக்க வெட்டுக்காயம். அதைப் பார்த்து அம்மா அழுதால், "வாளிக்குத்தான் ஓட்டை விழக்கூடாதம்மா, கைக்கு விழுந்தால் தானே மூடும்" என்பார். பிறகு குவைத்துக்குப் போனார். அங்கிருந்து சிட்னிக்கு வந்தார். வந்த காலத்தில் ஒரு அறையில் ஆறு பேர் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கூடக் கஷ்டமாகச் சொல்லமாட்டார், ஆறு பேரில் ஒருவருக்கும் சோறு வடிக்கத் தெரியாமல் போன பகிடியாகத்தான் சொல்லிச் சிரிப்பார்.

அண்ணியைக் கைப்பிடித்து, துளசியைப் பெற்று, ஒரு நிலைக்கு வந்தபின் என்னையும் மறக்கவில்லை. என் கணவர் காலமாகி, பிள்ளைகளும் இல்லாமல், அம்மாவும் போனபின் நான் தனியே நின்றேன். ஆறு வருடம் கடிதம் எழுதி, பத்திரங்கள் கொடுத்து, மறுத்தவர்களிடம் மறுபடியும் கேட்டு, என்னை இங்கே எடுப்பித்தார். விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, "இனி நீ ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை" என்றார். அது மட்டும் என்னால் முடியவில்லை.

எனக்கு எதுவும் நடக்க முதலே பயம் வந்துவிடும். ரெயிலில் ஏறியபின் அடுப்பை நிற்பாட்டினேனோ என்று யோசித்து, ஸ்ட்ரத்பீல்டில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். அண்ணா கூரையில் நிற்கும்போது கீழே நின்று ஏணியைப் பிடிப்பேன். அதை அவர் மேலே ஏற முதலே கயிற்றால் கட்டியிருப்பார். ஆனாலும் பிடிப்பேன். அவர் மேலே இருந்து, "ஏணியை விடு பிள்ளை, அதுக்கு மூச்சு முட்டப்போகுது" என்பார்.

அண்ணாவின் தொழில் கூரை வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தக் கூரை என்று சிலருக்குத் தெரியாது. இந்த நாட்டில் நூறு வருடத்துக்கு மேல் பழைய வீடுகள் சிலவற்றுக்குத் தகர ஓடு போட்டிருப்பார்கள். மண் ஓடு அல்ல. தகரத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, பூவோ இலையோ அச்சில் அழுத்தி, ஒன்றின் ஓரம் மற்றதின் ஓரத்தில் கொழுவும்படி செய்தது. ஒன்றில் கறள், அதாவது துரு, பிடித்தால், மற்றவர்கள் ஏறிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதுத் தகடு போடச் சொல்வார்கள். அண்ணா அப்படிச் சொல்லமாட்டார். ஸ்குரூ டிரைவரின் பிடியால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டு போவார். சத்தத்திலேயே எது உக்கினது, எது இன்னும் முப்பது வருடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். உக்கினதை மட்டும் மாற்றுவார். ஒரு வீட்டுக்காரப் பெண்மணி ஏணிக்குக் கீழே கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். அண்ணா தன்னுடைய ஆங்கிலத்தில், "கூரைக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் சுகமில்லை, போய்த் தேநீர் குடியுங்கள்" என்று சொன்னாராம். அந்தப் பெண்மணி வருடா வருடம் நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து தருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணா வேலை எடுப்பதில்லை. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்தவர்களைப் பார்க்கப் போவார். அண்ணி சமைத்துக் கொடுப்பா, உள்ளே விடுவதை விடுவார்கள், விடாததை அண்ணா திருப்பிக் கொண்டுவருவார். அங்கே பழக்கமான ரூபன் வெளியே வந்தபோது அவருக்குப் போக இடம் இருக்கவில்லை. எங்கள் வீட்டில் எட்டு மாதம் இருந்தார். இப்போது சொந்தமாக ட்ரக் வைத்திருக்கும் குடும்பஸ்தர். அண்ணாவோடு கூரை வேலையும் செய்தவர். அவருடைய பெயர் இந்தக் கட்டுரையில் பின்னாலும் வரும்.

ஆஷ்பீல்டில் எங்கள் வீடும் தகர ஓட்டு வீடுதான். அதை வாங்க வந்தவர்கள் எல்லோரும் மேலே பார்த்துவிட்டுப் போனபடியால்தான் அது அண்ணாவுக்குக் கிடைத்தது. அது ஹெரிட்டேஜ் வீடு. வீதியிலிருந்து தெரிகிற கூரை பழைய மாதிரியே இருக்க வேண்டும், பின்பக்கம் விரும்பினதைப் போடலாம் என்பது கவுன்சிலின் கட்டளை. ஆகவே அண்ணா ஒரு வழி செய்தார். பின்கூரை ஓடுகளை எல்லாம் கழற்றி அங்கே தகடு போட்டார். கழற்றினதில் நல்லதைத் தெரிந்து முன்கூரைக்கு எடுத்து வைத்தார். அது போதவில்லை. எங்கள் ஓட்டில் நடுவே ஒரு இலை, இரு பக்கமும் மூன்று வரி. அந்த அச்சில் இப்போது யாரும் செய்வதில்லை. எந்த வீட்டை உடைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலும் போய்ப் பார்ப்பார். இலை இருந்தால் கேட்டு வாங்கிக்கொண்டு வருவார். பத்துப் பதினொரு வருடம் இப்படிச் சேர்த்தார்.

சேர்த்த ஓடுகளைக் கழுவி, கறளைச் சுரண்டி, பின்பக்கத்துக்கு இரண்டு தரம் பெயின்ற் அடிக்க வேண்டும். பின்பக்கம் என்னுடைய வேலை. முகத்துக்கு மாஸ்க் போட்டு, கவிழ்த்த வாளியில் இருந்து அடிப்பேன். "ஒருத்தரும் பாக்காத பக்கத்துக்கு ஏன் ரெண்டு தரம்" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டேன். "கறள் பாத்துக்கொண்டெல்லோ இருக்குது" என்றார் அண்ணா. இப்படி இருநூற்று நாற்பது ஓடுகள், கராஜுக்குப் பின்னால் செங்கல்லின் மேல் பலகை வைத்து அடுக்கி, படங்குத் தார்ப்பாயால் மூடி, கட்டி வைத்திருந்தார்.

அண்ணிக்கு ஒரே மனக்குறைதான். ஊரார் வீட்டுக் கூரை எல்லாம் முடிகிறது, எங்கள் கூரை முடியவில்லை என்பது. அதற்கு அண்ணா, "முடிச்சால் பிறகு உமக்கு என்னைப் பேச விசயமிராதே" என்று சொல்லிச் சிரிப்பார். முன்கூரையின் வலது பக்கம் முடிந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, அவரும் ரூபனும் இடது பக்கத்தின் உக்கின ஓடுகளைக் கழற்றி, ஓடு தாங்கும் சலாகைகள் மாற்றி, படங்கு போட்டுக் கட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை ஓடு ஏற்றுவதாக இருந்தது.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை அண்ணாவுக்கு எங்களைத் தெரியவில்லை. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். மெல்பேர்னில் வேலை செய்கிற துளசி வந்து இறங்கினா. வைத்தியர் அண்ணியையும் துளசியையும் ஒரு அறைக்குள் கூப்பிட்டு, மூன்று நாலு நாளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், பார்க்க வேண்டியவர்களைக் கூப்பிடுங்கள் என்று சொன்னார். அவர்கள் இருவரும் அண்ணாவின் கட்டிலை விட்டு அசையவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததைத்தான் இங்கே எழுத வேண்டும்.

எங்களுடைய ஆட்களுக்கு ஒரு வழக்கம். கேள்விப்பட்ட உடனே எல்லோரும் வருவார்கள். வந்தவர்களுக்கு இருக்க இடம் வேண்டும், தேத்தண்ணீர் வேண்டும். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் நூற்றுக்கணக்கில் ஆட்கள் சாப்பிடுவார்கள். அடுப்பு எங்கே வைப்பது? துளசியின் கலியாணத்துக்குக் கராஜுக்குப் பின்னால்தான் பெரிய காஸ் அடுப்பு வைத்தோம். இப்போது அங்கே ஓடுகள். அண்ணி வரும்போது எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், நான் ஒருத்தி வீட்டில் இருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. கோவில் ஆட்களுக்குப் போன் பண்ணி, வருகிறவர்கள் உட்கார நூறு கதிரை வாடகைக்குச் சொன்னேன். பிறகு ரூபனுக்குப் போன் பண்ணினேன்.

ரூபன் ட்ரக்கோடு வந்து, படங்கை நீக்கிப் பார்த்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கா, இது அண்ணை பாத்துப் பாத்து அடுக்கின சாமானெல்லோ."

"ஓம். ஆனால் இடம் வேணுமே ரூபன். ஆக்கள் வரப்போகினம்."

"நான் என்ர வீட்டில கொண்டுபோய் வைக்கலாம். ஆனால் வளவு இல்லை, பிளற்தானே. கொஞ்சம் பொறுத்து, அண்ணையைக் கேட்டுப்போட்டு எடுப்பமே?"

"ஆரைக் கேக்கிறது ரூபன்? கேக்க ஆள் இருக்கப்போகுதே?"

இதைச் சொன்னது நான். அண்ணா அப்போது உயிரோடு, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ரூபன் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஏற்றினார். பழைய இரும்பு எடுக்கிற இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினார். ரூபனில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டு தரம் கேட்டார். வீட்டு ஆள் சொன்னதைச் செய்தார்.

அந்த இடத்தைக் கூட்டிக் கழுவி, அடுப்பு வைக்கலாம் என்று பார்த்துத் திருப்திப்பட்டேன். அது இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது. நான் திருப்திப்பட்டேன்.

நாலாம் நாள் காலை அண்ணா கண் திறந்தார். தாதியிடம் தேத்தண்ணீர் கேட்டாராம். துளசி போனில் அழுது அழுது சொன்னா. நான் போனை வைத்துவிட்டுச் சுவாமி அறைக்கு ஓடினேன். கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே கராஜின் பின்பக்கம் நினைவு வந்தது. கதிரைக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றேன். பழைய இரும்புக்காரரிடம் ரூபன் ஓடிப் போனார். எல்லாம் அமுக்கிக் கட்டி ஏற்றியாகிவிட்டது என்றார்கள்.

ஒரு மாதம் கழித்து அண்ணா வீட்டுக்கு வந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, படிகள் ஏறக்கூடாது என்று கட்டளை. முன்னறையில் கதிரை போட்டு இருப்பார். குளிர்காலம் முடிகிற நேரம், மேற்கில் இருந்து காற்று அடித்தது. முன்கூரைப் படங்கு படபடக்கும்போது அவருடைய நினைப்பு பின்னால் போகும். அண்ணி ஏசுவா என்று, அவ குசினியில் சமைக்கிற நேரம் என்னிடம் சொல்லுவார்.

"தங்கச்சி, பின்னுக்குப் படங்கு காத்துக்குக் கழண்டிருக்கும். ஒருக்காப் போய்ப் பாரன்."

நான் போவேன். கராஜைச் சுற்றி, வெறும் செங்கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

"இல்லை அண்ணா. கட்டினபடி இருக்கு."

ஐந்து கிழமையில் இதை எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒருநாள் மட்டும், "நனையேல்லையே?" என்று கேட்டார். "இல்லை, காய்ஞ்சுபோய் இருக்கு" என்றேன். அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தார், பிள்ளைக்குச் சாப்பாடு செமித்தது என்று கேட்ட தாய் மாதிரி.

அவர் கொஞ்சம் நடக்கத் தொடங்கியதும் நான் பயந்த நாள் வந்தது. அண்ணி கடைக்குப் போயிருந்தா. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நடக்கிற வண்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணா குசினி வாசலால் வந்து, என்னைத் தாண்டி, கராஜைச் சுற்றிப் போனார். நான் பின்னால் போனேன். அவர் அந்தச் செங்கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப?" என்றார்.

"நீங்கள் அங்கை... டொக்டர் சொன்ன அண்டைக்கு."

"ஓ." வண்டியைச் செங்கல்லோடு நிறுத்திவிட்டு, "அடுப்பு வைக்கவோ?"

தலையை ஆட்டினேன்.

"கதிரை எத்தினை சொன்னனி?"

"நூறு."

"நூறு காணாது பிள்ளை" என்றார் அண்ணா. "துளசியின்ர கலியாணத்துக்கே நூற்றைம்பது போதேல்லை. செத்தவீட்டுக்குச் சொல்லாமலும் வருவினமெல்லோ."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு வெறும் செங்கல்லைத்தான் மறுபடியும் பார்த்தார். இருநூற்று நாற்பது ஓடும், தான் சாக முதல் தன்னுடைய செத்தவீட்டுக்கு ஆயத்தம் செய்த தங்கையும் ஒரே நேரத்தில் அவர் முன்னால் நின்றன. ஒரு சொல் ஏசவில்லை. "எழும்பு, ஈரம்" என்றார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அண்ணி கேட்டா. குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் பின்னால் போயிருக்கிறா.

"இஞ்சருங்கோ, பின்னுக்கு அடுக்கின ஓடெல்லாம் எங்கை?"

நான் சோற்றைப் பிசைந்தேன். சொல்லத்தான் நினைத்தேன். அண்ணா முந்திவிட்டார்.

"குடுத்திட்டன்."

"ஆருக்கு?"

"மெல்பேர்னில ஒருத்தர், இதே இலை ஓடு. வீடு ஒழுகுதெண்டு கேட்டவர். ஆஸ்பத்திரியால ரூபனுக்குப் போன் பண்ணி ஏத்திவிடச் சொன்னனான்."

அண்ணி கரண்டியை வைத்தா. "உயிர் போய் வந்து கிடந்த நேரத்திலயும் உங்களுக்கு ஊர் வேலையோ? அப்ப எங்கட வீடு?"

"வேற தேடுவம்."

"பத்து வருசம் தேடினது காணாதே?"

அண்ணா மோரை எடுத்துக் குடித்தார். நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதை இதுதான். தன் வீட்டுக் கூரை திறந்து கிடக்க, ஓடுகளை எல்லாம் யாருக்கோ தூக்கிக் கொடுத்தார் என்ற கதை. அது அந்த மேசையில் என்னைக் காப்பாற்ற அண்ணா சொன்ன பொய்.

அதன்பின் எட்டு மாதம் அவர் இருந்தார். நாங்கள் தேடினோம். ரூபன் வாகனம் ஓட்டுவார், அண்ணா முன்னால், நான் பின்னால். உடைத்த வீட்டுச் சாமான் விற்கிற இடம் ஒவ்வொன்றாகப் போனோம். பூ இருந்தது, வைர வடிவம் இருந்தது. இலை இல்லை. மூன்று மாதத்தில் பத்தொன்பது ஓடு கிடைத்தது. புதிதாக அச்சடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, அது அளவில் கொஞ்சம் பெரிது, எங்கள் ஓட்டோடு கொழுவாது. நடுவில் தகரப் பட்டி வைத்து ஒட்டலாம் என்றார் ரூபன். "பட்டி வைச்சால் கோடு தெரியும்" என்று அண்ணா சம்மதிக்கவில்லை. அவருடைய கையில் கோடு தெரிந்த வேலை ஒன்றும் இல்லை.

ஒருநாள் ரூபன் உள்ளே விசாரிக்கப் போன நேரம் நான் கேட்டேன். "அண்ணா, நான் அண்ணியிட்டச் சொல்லிப்போடுறன். என்னால ஏலாது."

"சொல்லாதை."

"ஏன்?"

"நான் போற ஆள் பிள்ளை. நீ அவளோட இருக்க வேண்டிய ஆள். நான் வாங்கிற பேச்சு என்னோட போயிடும். நீ வாங்கினால் அது வீட்டுக்குள்ளயே நிண்டிடும்."

எனக்கு அது வசதியாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். அண்ணாவின் சொல்லைத் தட்டக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். இந்த வீட்டை விட்டால் எனக்கு வீடு இல்லை. அண்ணி என்னைப் போகச் சொன்னால் எங்கே போவேன், எந்த பஸ் எங்கே போகும் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அண்ணி ஒருநாளும் அப்படிச் சொல்கிறவ அல்ல. ஆனாலும் யோசித்தேன்.

மழை பெய்தால் முன்னறையில் இரண்டு இடத்தில் சொட்டும். அண்ணி சட்டியை வைத்துக்கொண்டே, "ஊருக்கு ஓடு, எங்களுக்குப் படங்கு" என்பா. முதலில் அரைப் பகிடியாகச் சொன்னா. பிறகு பகிடி போய்விட்டது. நோயாளி இருக்கிற வீட்டில் குளிரும் ஈரமும். அவருக்காகத்தான் அவவுக்குக் கோபம், அந்தக் கோபமும் அவர் மேலேயே போய் விழுந்தது. நான் அடுத்த அறையில் உடுப்பு மடித்துக்கொண்டு இருப்பேன். ஒருநாள் எழும்பிக் குசினி வாசல் வரைக்கும் போனேன். அண்ணி அண்ணாவின் மருந்துக் குளிசைகளைப் பிரித்துக்கொண்டிருந்தா.

"அண்ணி..."

"என்ன மச்சாள்?"

"பால் காணுமோ எண்டு கேக்க வந்தனான்."

"காணும்" என்றா. திரும்பி வந்துவிட்டேன்.

அண்ணா போனது ஒரு வியாழக்கிழமை காலை. தேத்தண்ணீர் குடித்து, கோப்பையை அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி அதைக் கழுவி வைத்துவிட்டு வரும்போது அவர் இல்லை. அதற்கு முதல் நாள் மழை. அன்றும் அண்ணி அவரை ஏசியிருந்தா. "படங்குக்குக் கீழ கிடந்து சாகவோ எங்களை வைச்சிருக்கிறியள்" என்று கேட்டிருந்தா. அந்தச் சொல்லைத்தான் சொல்லிச் சொல்லிப் பிறகு அழுதா. "கடைசியா அவரோட அதுதானே கதைச்சனான்" என்று வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னா. நான் அவவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆட்கள் வந்தார்கள். அண்ணா சொன்னது சரி, நூறு கதிரை போதவில்லை. மூன்று நாளும் மழை விடவில்லை. அண்ணாவின் படத்துக்கு விளக்கு வைத்திருந்த முன்னறையில் ஆட்கள் இருக்க, மேலே சொட்டத் தொடங்கியது. நான் ஆட்களை விலக்கிச் சட்டி வைத்தேன். அப்போது வந்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"சிட்னியில எத்தினை கூரை போட்ட மனிசன். தன்ர வீடு ஒழுகுது பாருங்கோ."

"ஓடுகளை எல்லாம் ஆருக்கோ குடுத்திட்டாராம்."

"அது ஒரு விசர் மனிசன். நல்ல மனிசன்தான், ஆனால் வீட்டைப் பாக்காத ஆள்."

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதை வாசித்தால் மனம் வருந்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்விப்பட்டதைச் சொன்னார்கள். அண்ணியின் காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டா. எனக்கு மூன்றடி தூரம். எழும்பி நின்று ஒரு வசனம் சொன்னால் போதும். நான் சட்டியைச் சரியான இடத்தில் வைத்தேனா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

மலரில் எழுதச் சொல்லித் துளசி கேட்டபின், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, அண்ணா குடும்பத்தைப் பார்த்தவர், வீட்டைப் பார்த்தவர் என்று எழுதப் பார்த்தேன். எழுதினால் வாசிக்கிறவர்கள் சிரிப்பார்கள். எழுதாவிட்டால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும். இரண்டு கிழமை கழித்து, அண்ணி மத்தியானச் சமையலுக்குப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த நேரம், பக்கத்தில் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேக்க ஆள் இருக்கப்போகுதே என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

அண்ணியின் கை நின்றது.

"அப்ப எட்டு மாசம் அந்த மனிசன் என்னட்ட வாங்கின பேச்சு?" என்றா.

"என்னுடையது அண்ணி."

"அதை இனி ஆர் திருப்பி எடுக்கிறது மச்சாள்?"

எழும்பி அறைக்குள் போனா. பயற்றங்காயை நான் முறித்து முடித்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மேசையில் எனக்குக் கோப்பை வைத்தா, ஆனால் பேசவில்லை. நான் என் உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் காலை அண்ணி வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, "திரும்பவும் முன்கூட்டியே அடுக்கிறீரோ?" என்று கேட்டா. "உடுப்பை எடுத்து வையும். புத்தகத்தில எழுதும். ஒண்டும் விடாமல் எழுதும். நான் அவரைப் பேசினதையும் எழுதும்."

எழுதிவிட்டேன். அண்ணி ஒவ்வொரு பக்கமாக வாசித்துவிட்டுத் தந்தா. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம், அண்ணியின் சொல்லில், ரூபன் முன்கூரையின் இடது பக்கத்தை முடித்தார். புது ஓடு, நடுவில் தகரப் பட்டி. கவுன்சிலும் சரி என்றது. கிடைத்த பத்தொன்பது இலை ஓடுகளை வலது பக்கத்தை ஒட்டிய கரையில் சேர்த்தார். வீதியில் நின்று பார்த்தால் கோடு தெரியும். இப்போது மழைக்குச் சட்டி வைப்பதில்லை.

அண்ணாவின் நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும், அவருக்குக் கேட்டபடி தேத்தண்ணீர் கொடுத்த தாதிக்கும், மழைக்குள் குடை பிடித்துச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்களுக்கும், இரண்டு தரமும் முகம் சுளிக்காமல் கதிரை ஒழுங்கு செய்த கோவில் அன்பர்களுக்கும், கிரியைகளைச் செவ்வனே செய்த குருக்களுக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணா சொன்ன ஒரு சொல்லுக்காக, தனக்குத் தெரிந்த உண்மையை எட்டு மாதமும் அதன் பிறகும் யாருக்கும் சொல்லாமல் இருந்த ரூபனுக்கு நான் தனியாகக் கடமைப்பட்டவள். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் அது என் மறதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை வாசிக்கிற எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எங்கள் வீட்டுக் கூரையைப் பற்றி இனி எங்கேயாவது கதை வந்தால், அண்ணா ஓடுகளை ஊருக்குக் கொடுத்தார் என்று சொல்லாதீர்கள். அவர் ஒரு ஓடும் கொடுக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அவருடைய செத்தவீட்டுக்கு அடுப்பு வைக்க இடம் தேடினவள் எறிந்தாள். கதையைச் சொல்லுங்கள், ஆனால் அவளுடைய பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

தங்கை பரமேஸ்வரி
ஆஷ்பீல்ட், சிட்னி